இடது கையின் கணக்கு

கோமோதோரோ ஷோரூமில்
க்விக் ஷிஃப்டருக்கு மட்டும் தனி விலை.
அந்தக் காசுக்கு
நான்கு சினையாடு வரும் என்றான் ஓவிதியோ.
கம்பளி வியாபாரி,
அவனுக்கு எல்லாமே ஆட்டுக் கணக்கு.

"க்ளட்ச் தொடாமல் கியர் மாற்றப்
பந்தயக்காரனுக்குக் காரணம் உண்டு.
உனக்கென்ன அவசரம்?
நீ போய்ச் சேரும் இடத்தில் காத்திருப்பது
சீழ் கட்டிய ஒரு குளம்பு."

நியாயம்தான்.
நான் கால்நடை மருத்துவர்.
ஒரு பண்ணைக்கும் மறு பண்ணைக்கும் நடுவே
நூறு கிலோமீட்டர் சரளைக்கல்.
பக்கப்பெட்டியில் தடுப்பூசி, பனிக்கட்டி,
மாத்தே குடிக்க ஒரு பிளாஸ்க் வெந்நீர்.

ஆனாலும் வாங்கினேன்.

முதல் மாதம் வெறும் எரிச்சல்.
ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகையில்
பிடரியில் கைவைத்துத் தள்ளியதுபோல் ஒரு குலுக்கல்.
மெதுவாய்ப் போனால் அதற்குப் பிடிப்பதில்லை.
சேறு அப்பிய பூட்ஸ் லீவரில் சும்மா உரசினாலே
உத்தரவு வந்ததென்று நினைத்துக்கொண்டு
இன்ஜின் ஒரு கணம் மூச்சை நிறுத்தும்,
அதுவும் ஓடைக்கு நடுவில்.
ஓவிதியோவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

பிறகு அக்டோபர்.
எங்கள் பக்கம் காற்று வீசுவதில்லை.
மேற்கிலிருந்து வந்து
தோளில் சாய்ந்துகொண்டு நகர மறுக்கும்.
வண்டியை அதன் மேல் சாய்த்தபடியே
நேராகப் போக வேண்டும்.
அந்நேரம் கைப்பிடியிலிருந்து இரண்டு விரலை எடுப்பது
கடன் கொடுப்பது மாதிரி,
திரும்பி வந்தால் உண்டு.
அன்று பத்து விரலும் ரப்பரை இறுக்கியிருக்க
கால் மட்டும் சொன்னது:
ஐந்து. நான்கு. மூன்று.
வண்டி கேட்டது.
வாய்விட்டுச் சிரித்தேன், ஹெல்மெட்டுக்குள்
குவானாகோக்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

நவம்பரில் அந்தக் கிடா.
மெரினோ. கொம்பு இரண்டு சுற்று.
என் இடது மணிக்கட்டை
வேலித்தூணோடு வைத்து முட்டியது.
பண்ணை டிரக் ஊருக்குப் போயிருந்தது,
ரேடியோவில் இரைச்சல் மட்டும்.
காவல்காரர் நவெல்கிர்
இரண்டு சிராய் வைத்து, ஆட்டுத்தோல் சுற்றி,
கையைக் கட்டினார்.
எழுபது கிலோமீட்டர்.
கியர் மாற்றிக்கொள்ளும், என்றேன்.
கிளம்பத்தான் க்ளட்ச் வேண்டும்.
அப்புறம் கதவுகள்?
பிரதான சாலை வரை ஐந்து கம்பிக் கதவு.
ஒவ்வொன்றிலும் நிறுத்தி, இறங்கித் திறந்து,
ஏறி, மறுபடி இறங்கி மூடி...
அதற்கொரு பொறி
எந்தக் கம்பெனியும் இன்னும் விற்கவில்லை.

நவெல்கிர் குதிரையில் ஏறினார்.
அரை மணி கழித்துக் கிளம்புங்கள்
என்று மட்டும் சொன்னார்.

க்ளட்சைப் பிடித்தது அவர் மகள் மில்லாராய்.
பன்னிரண்டு வயது.
இரண்டு கையாலும் பிடித்தாள்.
முதல் கியர் போட்டேன்.
விடு, மெதுவாக.
முரட்டுக் குட்டிக்குக் கடிவாளம் தளர்த்துவதுபோல்
நூல்நூலாய் விட்டாள்,
கூடவே நாலடி ஓடிவந்தாள்.

இரண்டு. குலுக்கல்.
மூன்று. வலி பல்லுக்கு வந்தது.
முதல் கதவு திறந்து கிடந்தது.
இரண்டாவதும்.
காற்றுகூட அன்று பாவம் பார்த்தது.
ஐந்தாவது கதவருகே
நவெல்கிர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.
அவருக்குப் பின்னால்
ஒரு மேய்ச்சல் நிலத்து ஆடு மறு நிலத்துக்கு
அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில்
இன்ஜினை அணைத்துத்தான் நிறுத்த முடிந்தது.

மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து
ஓவிதியோ கேட்டான்:
"சரி, கொடுத்த காசுக்குத் தகுமா?"
ஊருக்குள் தகாது, சேற்றில் தகாது,
காற்றில் தகும், கை உடைந்தால் தகும் என்றேன்.
கலந்துபோன மந்தைகளைப் பிரிக்க
நவெல்கிருக்கு எத்தனை நாள் ஆனது,
அதை விசாரித்து வா.
மூன்று, என்றான். ஏற்கெனவே தெரியும் அவனுக்கு.

கட்டு பிரித்ததும் போக வேண்டும்.
மில்லாராய்க்கு ஒரு ஜோடி கையுறை.
கடைக்காரர் அளவு கேட்டார்.
க்ளட்ச் லீவரில் அவள் விரல்
எதுவரை எட்டியதென்று
என் கையில் காட்டினேன்.